பதின்மூன்று கிலோவாட்

"அவர்கிட்ட சொல்லுங்க, என் ஹீட்டர்ல ஒரு குறையும் இல்லை. அவர் செஞ்ச பெட்டியிலதான் சூடு ஒழுகுது."

ஹீட்டரம்மா போர்மேனைப் பார்த்துச் சொன்னாள். அந்த 'அவர்' மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தான். கூடப் பிறந்த அண்ணன். காது இரண்டும் நன்றாகவே கேட்கும்.

அண்ணனும் போர்மேனைப் பார்த்தே வாயைத் திறந்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையை அவங்களுக்கு ஞாபகப்படுத்துங்க."

"அம்மா, ஆடத் தெரியாதவ..." என்று ஆரம்பித்தார் போர்மேன்.

"கேட்டுச்சு."

போர்மேனுக்குத் தொழிற்சாலையில் 'தபால்' என்று பெயர் விழுந்து நான்கு மாதம் ஆகிறது. மோட்டார் தயாரிக்கும் இந்த இடத்துக்குப் புதிதாக ஓர் ஓவன் வேண்டும் என்று முடிவானபோது, பெட்டியைச் செய்யும் வேலை அண்ணனுக்குப் போனது. அதைச் சூடாக்கும் ஹீட்டர்களைக் கணக்குப் போட்டுச் செய்து தரும் வேலை தங்கைக்கு வந்தது. இருவரும் உடன்பிறப்புகள் என்பதே பொருத்தும் நாளில்தான் மானேஜருக்குத் தெரிந்தது. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அதற்கு மறுநாள் தெரிந்தது.

பேச்சு நின்ற கதை நீளமானதல்ல. ஒரே பட்டறையில் இருவரும் ஒன்றாக இருந்த காலம் அது. ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து, "இந்தக் கணக்கை யார் போட்டது? சுத்தமா இருக்கே" என்று கேட்டார். போட்டவள் எதிரிலேயே நின்றிருந்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "கணக்கு நான்தான் சார். தங்கச்சி சும்மா கம்பி சுத்துவா" என்றான். அன்று பட்டப்பகலில், கம்பி சுற்றும் இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியேறினாள். அண்ணன் அன்றைக்கே பூட்டை மாற்றினான். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோதுகூட, "அவங்களை மருந்துச் சீட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று நர்ஸ் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அம்மா, "எனக்குக் கண்ணைத்தானே மறைச்சிருக்கு, உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டாள்.

மானேஜர் வந்தார். கையில் காகிதம். முகத்தில் அதைவிட அதிகமாக எழுதியிருந்தது.

"வார்னிஷ்ல முக்கின மோட்டார் உள்ளே போகணும். ஒரு மணி நேரத்துல நூத்தறுபது டிகிரி ஏறணும். இதுதானே பேச்சு? முந்தாநாள் எழுபது நிமிஷம். நேத்தும் எழுபது நிமிஷம். பெட்டிக்காரர் ஹீட்டர் மட்டம்கிறார். ஹீட்டர்காரம்மா பெட்டி ஓட்டைங்கிறாங்க. நான் ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து பண்ண இங்கே உட்காரல. இன்னிக்கு ஏறலேன்னா ரெண்டு பேருமே வெளியே. பெட்டியையும் ஹீட்டரையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

பிறகு ஹீட்டரம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "உங்க அண்ணன் முதல்லயே சொன்னார். கணக்கு உங்களுக்குப் பழக்கமில்லை, கம்பிதான் சுத்துவீங்கன்னு."

அவள் பைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இன்று வேண்டியது அந்த ஒன்றுதான். அந்தக் காகிதம் சரி என்று இந்த வளாகத்தில் எல்லோர் முன்னாலும் நிரூபணமாக வேண்டும். தவறினால் ஊர் முழுக்க அவள் ஆயுசுக்கும் கம்பி சுற்றுகிறவள்தான்.

காகிதத்தில் நான்கே வரிகள். ஆயிரம் கிலோ மோட்டாரைச் சூடாக்கப் பதினாறரை கிலோவாட். ஓவனின் உள்தகடு சூடாக மூன்று சொச்சம். சுவர் வழியே போகிற நஷ்டம் இரண்டரை. வார்னிஷிலிருந்து கிளம்பும், பெட்ரோல் போலத் தீப்பிடிக்கும் தின்னர் ஆவியை வெளியேற்ற விசிறி இழுக்கும் காற்று இருக்கிறதே, அது போகும்போது சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அதற்குப் பதின்மூன்று. கூட்டினால் முப்பத்தைந்தரை. கொஞ்சம் தாராளமாக நாற்பது. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவாட் வீதம் இருபது ஹீட்டர்.

எத்தனை தடவை கூட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் ஏறவில்லை.

முதல் இரண்டு ஓட்டத்துக்கும் அவள் வரவில்லை. அண்ணன் இருக்கும் இடத்துக்கு எதற்கு என்று, போர்மேன் போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டதோடு சரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறிய சூட்டை அவர் வாசிக்க, அவள் காகிதத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். இன்றுதான் நேரில் வந்திருக்கிறாள்.

"அவர் காலையில ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டார்" என்றார் போர்மேன், அவள் காதோடு. "கதவுக்குப் புது ரப்பர் போட்டிருக்கார்."

"அப்ப ஒழுகுச்சுன்னு ஒத்துக்கிட்டாரா?"

"அதையும் போய்ச் சொல்லணுமா?"

"வேண்டாம். உங்களுக்குச் சம்பளம் போதாது."

ஓவன் ஒரு சின்ன அறை அளவுக்கு நின்றிருந்தது. வெள்ளித் தகடு போர்த்திய பெட்டி. மேலே புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. குழாயின் நடுவில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் உள்ளே இருக்கும் தகடு காற்றின் வழியைத் திறக்கும், மூடும். டாம்பர் என்பார்கள்.

இரண்டு தொழிலாளிகள் மோட்டார்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏற்றிய விதத்தைப் பார்த்ததும் ஹீட்டரம்மா பைக்குள் இருந்த காகிதத்தை வெளியே எடுத்தாள்.

மோட்டார்கள் வண்டியில் இருந்தன. தடித்த இரும்புச் சட்டத்தில் அடுக்கடுக்காகத் தட்டு வைத்த இரண்டு வண்டிகள். தொழிலாளிகள் தோளைக் கொடுத்துத் தள்ள, தண்டவாளத்தில் முனகிக்கொண்டே முதல் வண்டி ஓவனுக்குள் போனது. பின்னாலேயே இரண்டாவது.

"வண்டியும் உள்ளேயே நிக்குமா?" என்று கேட்டாள்.

"பின்னே? மோட்டாரைத் தூக்கி உள்ளே தாலாட்டுவாங்களா?" என்று சிரித்தான் வண்டி தள்ளியவன். "இது ஒண்ணு ஒண்ணும் யானைக்குட்டி அக்கா. ஒரு நாள் கால்ல ஏறினா மறுநாள் ஷூ வாங்க வேண்டியதில்லை."

ஒன்று இருநூற்றைம்பது கிலோ இருக்குமா? இரண்டும் சேர்ந்து ஐந்நூறு. அந்த ஐந்நூறு கிலோ இரும்பும் மோட்டாரோடு சேர்ந்து சூடாக வேண்டும். இன்னும் எட்டு கிலோவாட்டுக்கு மேல். அவள் காகிதத்தில் அந்த வரியே இல்லை.

நான்கு மாதம் முன்பு நடந்தது பளிச்சென்று ஞாபகம் வந்தது. "உள்ளே போற எடை எவ்வளவுன்னு அவர்கிட்ட கேளுங்க" என்று போர்மேனிடம் சொன்னாள். போர்மேன் போனார், வந்தார். "மோட்டார் ஆயிரம் கிலோவாம்." வண்டி உண்டா, எத்தனை, என்ன எடை? இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். அண்ணனிடம் இரண்டாவது தடவை கேட்பதா என்று வீம்பு. காகிதத்தை மூடிவிட்டாள்.

ஆக, பெட்டி ஒழுகவில்லை. கணக்குத்தான் ஒழுகியிருக்கிறது. எழுபது நிமிடம் ஆனது ஏன் என்று இப்போது சிறுபிள்ளைக்கும் புரியும். இன்றைக்கும் எழுபதுதான் ஆகும். கதவு ரப்பரெல்லாம் கண்துடைப்பு.

கதவு மூடியது. அண்ணன் ஸ்விட்சைப் போட்டான். இருபது ஹீட்டரும் உறுமின. மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது டிகிரி.

ஹீட்டரம்மா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். தூக்குத் தண்டனைக் கைதிக்குக்கூட கடைசி ஆசை கேட்பார்கள். அவளுக்கு நாற்காலி போடக்கூட ஆளில்லை.

ஐந்தாவது நிமிடம். நாற்பத்து நான்கு.

பத்தாவது நிமிடம். ஐம்பத்தெட்டு.

மானேஜர் புருவத்தைத் தூக்கினார். "பரவாயில்லையே."

ஹீட்டரம்மா காகிதத்தைத் திருப்பினாள். நேற்றைய குறிப்பு: பத்தாவது நிமிடம் நாற்பத்தெட்டு.

பதினைந்தாவது நிமிடம் எழுபத்திரண்டு. இருபதாவது நிமிடம் எண்பத்தாறு. நேற்று இதே நேரத்தில் அறுபத்தேழு.

"இந்த வேகத்துல போனா நாற்பத்தாறு நிமிஷத்துல ஏறிடும் சார்" என்றான் அண்ணன். குரலில் தேன் ஒழுகியது. "அவங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்போல. நான்தான் கதவு ரப்பரைக் கவனிக்காம விட்டுட்டேன்."

மூன்று வருடத்தில் அண்ணன் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. ஹீட்டரம்மாவுக்கு அது காதில் ஈயமாக இறங்கியது.

மானேஜர் அவள் பக்கம் திரும்பி, முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். "என்னம்மா, கணக்கு ஜெயிச்சிடுச்சு! இன்னும் ஆறு ஓவன் வரப்போகுது, தெரியுமில்ல?"

தெரியும். வாயை மூடிக்கொண்டு இன்னும் இருபத்தாறு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். கம்பி சுற்றுகிறவள் என்ற பேச்சு இன்றோடு செத்துவிடும். அண்ணனே ஒப்புக்கொண்டாகிவிட்டது. வாயைத் திறந்தால்தான் கெடுதல்.

ஆனால் அவளுக்குத் தெரியும், அந்தக் கணக்கு தப்பு.

தப்பான கணக்கு எப்படிச் சரியாக வரும்?

பென்சிலை எடுத்தாள். மோட்டார், உள்தகடு, வண்டி, எல்லாம் சேர்ந்து ஆயிரத்து எழுநூறு கிலோ. நேற்றைவிட இன்று இருபது நிமிடத்தில் பத்தொன்பது டிகிரி கூடுதல். அவ்வளவு இரும்பை அவ்வளவு கூடுதலாகச் சூடாக்க எத்தனை கிலோவாட் வேண்டும்? பென்சில் ஓடியது. பன்னிரண்டரை. வண்டி எடையைக் கொஞ்சம் கூட வைத்தால் பதின்மூன்று.

பதின்மூன்று கிலோவாட் எங்கிருந்து வந்தது? கதவு ரப்பரில் ஒன்று மிச்சமாகும், மிஞ்சிப்போனால் இரண்டு. ஹீட்டர் அதே இருபதுதான்.

காகிதத்தைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில் நான்காவது வரி. வெளியேற்றும் காற்று: பதின்மூன்று.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஓவன் சூடேறத் தொடங்கியதிலிருந்தே ஏதோ குறைகிறது என்று தோன்றியது இதுதான். வார்னிஷ் சுடும் இடத்தில் தின்னர் நெடி மூக்கை அறுக்க வேண்டும். முற்றத்துக்குப் போனால் கண் எரிய வேண்டும். இங்கே ஒரு நெடியும் இல்லை. வெளியே வரவேண்டியது வெளியே வரவில்லை என்றால் அது எங்கே இருக்கிறது?

உள்ளே. பழுக்கக் காய்ந்த இருபது ஹீட்டரோடு, மூடிய பெட்டிக்குள்.

கதவோரம் வண்டி தள்ளிய இருவரும் சாய்ந்து நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹீட்டரம்மா எழுந்தாள்.

"கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கப்பா, மோட்டார் எப்படி இருக்குன்னு பார்ப்போம்" என்றார் மானேஜர் உற்சாகமாக. தொழிலாளியின் கை கைப்பிடிக்குப் போனது.

"தொடாதே!"

அவள் போட்ட சத்தத்தில் கூரைத் தகடு அதிர்ந்தது. ஓடிப்போய் ஸ்விட்ச் பெட்டியின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். ஹீட்டர்களின் உறுமல் நின்றது. மேலே விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உங்களுக்குப் பைத்தியமா?" மானேஜர் முகம் சிவந்தது. "ஜெயிக்கிற நேரத்துல..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. போர்மேனையும் பார்க்கவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, டாம்பரை மூடிட்டியா?"

போர்மேன் வாயைப் பிளந்தார். தபால் இல்லாமலே கடிதம் போய்விட்டது.

அண்ணன் பழக்கதோஷத்தில் போர்மேன் பக்கம் திரும்பினான். "அவங்ககிட்ட சொல்லுங்க, தேவையில்லாம..."

"என்னைப் பார்த்துப் பேசுடா! உள்ளே ஆயிரம் கிலோ மோட்டார்ல இருந்து கிளம்புன தின்னர் ஆவி முழுசா நிக்குது. இப்பக் கதவைத் திறந்து புதுக் காத்து உள்ளே போச்சுன்னா, பத்தி வெடிச்சு இந்த ரெண்டு பேரையும் சுவத்துல இருந்து சுரண்டித்தான் எடுக்கணும். மூடிட்டியா இல்லையா?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சூடு ஏறணும்னு காலையிலேயே போல்ட் போட்டு வெச்சிருக்கேன்."

வண்டி தள்ளியவர்கள் ஒரே தாவலில் முற்றத்தில் இருந்தார்கள். மானேஜர் அவர்களையும் முந்திவிட்டார்.

"எல்லாரும் வெளியே போங்க. கதவுக்கு நேரா யாரும் நிக்காதீங்க" என்றாள் ஹீட்டரம்மா. அண்ணனைப் பார்த்து ஏணியைக் காட்டினாள். "போட்டவனே போய்க் கழட்டு."

அவன் ஏறினான். ஸ்பானரை இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவது தடவை மாட்டினான். போல்ட் சூட்டில் இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் கொடுத்துத் திருப்பினான். அவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். பாசத்தில் அல்ல. அவன் விழுந்தால் அந்தக் கைப்பிடியை வேறு யார் திருப்புவது?

நட் கழன்றது. வெறும் கையால் கைப்பிடியைத் திருப்பியபோது, "ஸ்ஸ்..." என்று துடித்து, ஆனாலும் விடாமல் திருப்பி முடித்தான்.

புகைக்குழாய் இருமியது. கூரைக்கு மேலே மஞ்சளாக ஒரு கனத்த புகை பீறிட்டு, முற்றமெங்கும் இறங்கியது. நின்றவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். அரைமணி நேரம் ஆயிற்று நெடி தணிய. அதற்குள் வண்டி தள்ளியவன் தன் கூட்டாளியிடம், "நாம கதவுல சாஞ்சு நின்னோம்ல?" என்று மூன்று தடவை கேட்டான்.

மானேஜருக்குப் பேச்சு திரும்பியதும் முதலில் அண்ணனைப் பிடித்தார். "இனிமே இந்த கேட்டுக்குள்ள உன் நிழல் விழக்கூடாது." அடுத்து அவள் பக்கம் வந்தார். "உங்க கணக்கு என்னம்மா? சரியா, தப்பா?"

"தப்பு" என்றாள் ஹீட்டரம்மா.

சுற்றிலும் இருபது பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி எடையை நான் சேர்க்கல. நாற்பது பத்தாது. தாராளமா வெச்சா ஐம்பத்திரண்டு கிலோவாட் வேணும். இன்னும் ஆறு ஹீட்டர்."

"அப்ப உங்க அண்ணன் சொன்னது..."

"என் கணக்கு தப்புன்னு கண்டுபிடிச்சதும் என் கணக்குதான் சார். இந்த ரெண்டு உசிரு நிக்கிறதும் அதாலதான்."

மானேஜர் வண்டி தள்ளிய இருவரையும் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "பத்து நாள். அதுல ஏறலேன்னா நீங்களும் அவர் பின்னாடியே போகலாம். ஆறு ஓவன் பேச்சை அப்புறம் பார்ப்போம்."

அவ்வளவுதான் கிடைத்தது. பாராட்டும் இல்லை, பட்டமும் இல்லை.

ஆறு ஹீட்டரை எங்கே பொருத்துவது? இருபதுக்குத்தானே பெட்டியில் துளை இருக்கும்? ஓவனின் பின்பக்கம் போய் ஹீட்டர் மூடியைக் கழற்றினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

வரிசையாக இருபது ஹீட்டர். அதற்கு அடுத்து ஆறு துளைகள். ஒவ்வொன்றையும் வட்டத் தகட்டால் மூடி, அழகாக ஸ்குரூ போட்டிருந்தது. வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அடியில் வெல்டிங் கறை பழையது. பெட்டி செய்தபோதே போட்ட துளைகள்.

இருபத்தாறு. அவன் கணக்கு முதல் நாளிலிருந்தே இருபத்தாறு.

கேட்டுக்கு ஓடினாள். அண்ணன் கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு தன் காரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஆறு ஓட்டையை எப்போ போட்டே?"

"முதல் நாளே."

"அப்ப நான் வண்டியை விட்டுட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்ல?" அண்ணன் அவளை நேராகப் பார்த்தான். "ஒரு வார்த்தை. கணக்கு எனக்குத் தெரியும், எடை மட்டும் சொல்லுன்னு நீ வந்து நிப்பேன்னு பார்த்தேன். நாலு மாசம் பார்த்தேன்."

"நான் வந்து நிக்கலேன்னு ரெண்டு பேரைக் கொல்லப் பார்த்தியா?"

அவன் கைக்குட்டை சுற்றிய கையை ஸ்டியரிங்கில் வைத்தான். வலியில் எடுத்துக்கொண்டான். மறுபடி வைத்தான்.

"வண்டி ரெண்டும் என்ன எடை?" என்று கேட்டாள்.

"ஐந்நூத்தி இருபது."

அவள் அங்கேயே நின்றாள், வழியை மறித்துக்கொண்டு. அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி, கேட்டில் நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டான்.

"அவங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வண்டியைத் திருப்பணும்."

வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் இவளைப் பார்த்தார்.

ஹீட்டரம்மா நகர்ந்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, காகிதத்தில் நான்காவது வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி எழுதினாள்.

"அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் வாட்ச்மேனிடம், "ஐந்நூத்தி இருபதை எழுதிக்கிட்டேன்னு."